குண்டு உருட்டிய பேராசிரியர்!



ஒரு தடிமனான புத்தகத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டையும் தோள் உயரத்தில் பிடித்து, ஒரே நேரத்தில் கீழே விடுங்கள். புத்தகம் பொத்தென்று விழும். காகிதம் ஆடி அசைந்து, மெதுவாகத் தரைக்கு வந்து சேரும். கனமான பொருள் வேகமாக விழும், லேசான பொருள் மெதுவாக விழும் என்றுதானே தோன்றுகிறது?

கொஞ்சம் பொறுங்கள். இப்போது காகிதத்தைப் புத்தகத்தை விடச் சிறியதாகக் கிழித்து, புத்தகத்தின் மேல் வையுங்கள். புத்தகத்தை மட்டும் பிடித்துக் கீழே விடுங்கள். என்ன நடந்தது? காகிதம் பின்தங்கவே இல்லை. புத்தகத்தோடு சேர்ந்தே விழுந்து விட்டது!

அடுத்து, அதே காகிதத்தை நன்றாகக் கசக்கி உருண்டையாக்கி, புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்து விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். காகிதத்தின் எடை மாறவில்லை. உருவம் மட்டும்தான் மாறியது. அப்படியானால் முதலில் காகிதத்தைத் தாமதப்படுத்தியது எது? அதன் லேசான எடை அல்ல, குறுக்கே நின்ற காற்று!

இவ்வளவு சாதாரணமான விஷயத்தை, உலகம் கிட்டத்தட்ட 1900 ஆண்டுகள் தவறாகவே நம்பிக் கொண்டிருந்தது. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று எழுதி வைத்திருந்தார். அவர் பேரறிஞர். அதனால் பெரும்பாலோர் அதை அப்படியே படித்தார்கள். அப்படியே பாடமும் நடத்தினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், குண்டை உருட்டியும் நூலை ஆட்டியும் தானே சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அவர்தான் கலிலியோ கலிலி. அவருடைய கதையைத்தான் இன்று தெரிந்து கொள்ளப் போகிறீர்கள். நடுநடுவே நீங்களும் சோதனை செய்ய வேண்டும், சரியா?

இசைக் கலைஞரின் மகன்

இத்தாலி நாட்டின் பைசா நகரில், 1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி கலிலியோ பிறந்தார். அப்பா பெயர் வின்சென்சோ. அவர் லூட் என்னும் நரம்பு வாத்தியத்தை வாசிப்பவர். வீட்டில் இசைக்குக் குறைவில்லை; பணத்துக்குத்தான் எப்போதும் பற்றாக்குறை.

வின்சென்சோ வெறும் இசைக் கலைஞர் மட்டுமல்ல. பழைய நூல்களில் எழுதியிருப்பதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதவர். ஒரு நரம்பில் எடையைத் தொங்கவிட்டு மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்த, இரண்டு மடங்கு எடை போதும் என்று பழைய நூல்கள் கூறின. வின்சென்சோ உண்மையிலேயே எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு போதவில்லை. நான்கு மடங்கு தேவைப்பட்டது! எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்ற பாடத்தைக் கலிலியோ தம் வீட்டிலேயே கற்றுக் கொள்ள முடிந்தது.

மகன் டாக்டராக வேண்டும், குடும்பக் கஷ்டம் தீர வேண்டும் என்று அப்பா விரும்பினார். அதனால் 1581-ஆம் ஆண்டு, பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார் கலிலியோ. ஆனால், ஒஸ்டிலியோ ரிச்சி என்ற கணித ஆசிரியரின் பாடத்தைக் கேட்டதும் அவர் மனம் கணக்கின் பக்கம் சாய்ந்து விட்டது. 1585-இல் பட்டம் வாங்காமலேயே படிப்பை விட்டு வந்து விட்டார். அப்பாவுக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! ஆனாலும் கலிலியோ சோர்ந்து விடவில்லை. தனியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், தானும் படித்தார். நான்கே ஆண்டுகளில், 1589-இல், எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்காமல் வெளியேறினாரோ, அங்கேயே கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார்!

ஆடிய விளக்கு

பைசா நகரத் தேவாலயத்தில் தொங்கிய விளக்கு ஒன்று ஆடுவதைக் கலிலியோ கவனித்தாராம். தன் நாடித் துடிப்பை எண்ணி, விளக்கு ஒவ்வொரு முறை ஆடுவதற்கும் எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தாராம். இப்படி ஒரு கதை உண்டு. அது அப்படியே நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஊசலைப் பற்றி அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது உண்மை. 1602-ஆம் ஆண்டு அவர் எழுதிய கடிதம் ஒன்றிலேயே அது இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நூலின் முனையில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டுங்கள். நூலை ஜன்னல் கம்பியில் தொங்க விடுங்கள். முடிச்சிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். லேசாக இழுத்து விட்டு, 10 முறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். சுமார் 10 விநாடி ஆகும். ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு நட்டுகளைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். எடை இரண்டு மடங்கு. நேரம் மட்டும் மாறவே மாறாது!

இப்போது நூலை 1 மீட்டர் நீளமாக்குங்கள். 10 முறை போய்வர சுமார் 20 விநாடி ஆகும். நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. அப்பா நரம்பில் கண்ட அதே நான்கும் இரண்டும்!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஊசல் பெரிதாக ஆடினாலும், சிறிதாக ஆடினாலும் ஒரே நேரம்தான் ஆகும் என்று கலிலியோ நம்பினார். சிறிய ஆட்டங்களுக்கு அது சரி. ரொம்பப் பெரிதாக ஆட்டினால் நேரம் சற்றுக் கூடும். பெரிய மேதை சொன்னதைக்கூடச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், புரிகிறதா?

கோபுரமும் இரண்டு கற்களும்

பைசா என்றதும் சாய்ந்த கோபுரம் நினைவுக்கு வரும். அதன் உச்சியிலிருந்து கலிலியோ பெரிய குண்டையும் சிறிய குண்டையும் போட்டார், இரண்டும் ஒன்றாக விழுந்தன என்று படித்திருப்பீர்கள். இதைச் சொன்னவர் அவருடைய மாணவர் ஒருவர்தான். கலிலியோ தம் நூல்களில் இந்தக் கதையை எழுதவில்லை. ஆகவே, வரலாற்று ஆசிரியர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு.

ஆனால், கலிலியோ கேட்ட ஒரு கேள்வி கோபுரத்தை விட உயரமானது! ஒரு பெரிய கல், ஒரு சிறிய கல். பெரியது வேகமாகவும், சிறியது மெதுவாகவும் விழும் என்றே வைத்துக் கொள்வோம். இரண்டையும் கயிற்றால் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? மெதுவாக வரும் சின்னக் கல், பெரிய கல்லைப் பிடித்து இழுக்கும். எனவே வேகம் குறைய வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் எடை அதிகம் ஆயிற்றே! எனவே வேகம் கூடவும் வேண்டும். ஒரே நேரத்தில் வேகம் எப்படிக் கூடவும் குறையவும் முடியும்? முடியாது. அதனால், தொடக்கத்தில் நம்பியதே தவறு!

வீடே பட்டறை

1591-இல் அப்பா இறந்து போனார். மூத்த மகன் என்பதால் தங்கைகளின் வரதட்சணைப் பணம் உட்பட, குடும்பச் சுமை முழுவதும் கலிலியோவின் தலையில் விழுந்தது. மறு ஆண்டு அவர் பதுவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே 18 ஆண்டுகள் பணியாற்றினார். சம்பளம் போதாமல், மாணவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் பாடம் நடத்தினார். கணக்குப் போட உதவும் ஒரு கருவியைத் தயாரித்து விற்றார். அதைச் செய்து தர ஒரு கைவினைஞரும் வீட்டோடு இருந்தார். ஆக, வீடே விடுதி, வீடே பள்ளிக்கூடம், வீடே பட்டறை!

1605-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், புளோரன்ஸ் நகரத்து இளவரசன் கோசிமோவுக்குக் கணக்குச் சொல்லித் தரும் வேலையும் கிடைத்தது. கோசிமோவுக்கு அப்போது 15 வயது. அந்தப் பையன் வளர்ந்து ஆட்சிக்கு வந்ததும், தன் ஆசிரியரை மறக்காமல் அரண்மனைக்கே அழைத்துக் கொண்டான்.

தண்ணீரில் அளந்த நேரம்

பொருள்கள் எப்படி விழுகின்றன என்று கண்டுபிடிப்பதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அவை விழுந்து விடுகின்றன. அந்தக் காலத்தில் விநாடியைச் சரியாகக் காட்டும் கடிகாரமும் கிடையாது. என்ன செய்வது?

கலிலியோ ஒரு வழி கண்டார். நேராக விழ விட்டால்தானே அவ்வளவு வேகம்? சரிவில் உருள விட்டால் மெதுவாகப் போகுமே! சுமார் 7 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றில் நேரான பள்ளம் செதுக்கினார். அதில் வழவழப்பான தோலை ஒட்டினார். ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைத்து, உருண்டையான வெண்கலக் குண்டை உருட்டி விட்டார்.

கடிகாரத்துக்கு? ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் பொருத்தினார். குண்டு உருளத் தொடங்கியதும் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடிப்பார். குண்டு போய்ச் சேர்ந்ததும் நிறுத்தி விடுவார். பிடித்த தண்ணீரைத் தராசில் எடை போடுவார். தண்ணீரின் எடைதான் நேரத்தின் அளவு! இப்படி, 100 தடவைக்குக் குறையாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

என்ன தெரிந்தது? நீங்களே கண்டுபிடியுங்கள். ஒயர் பதிக்கும் பிளாஸ்டிக் பட்டி 2 மீட்டர் நீளத்தில் ஒன்று போதும். ஒரு முனையை இரண்டு மூன்று புத்தகங்களின் மேல் வையுங்கள். நண்பர் ஒருவர் ஒரே சீராகத் தாளம் போடட்டும். ஒரு தட்டில் கோலிக்குண்டை விட்டு விடுங்கள், தள்ளக் கூடாது. அடுத்தடுத்த தட்டுகளில் கோலி எங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். நாலைந்து முறை செய்தால் இடம் சரியாகப் பிடிபடும்.

முதல் தட்டுக்குள் கோலி 10 செ.மீ. போனால், இரண்டாவது தட்டில் சுமார் 40 செ.மீ.யிலும், மூன்றாவதில் 90 செ.மீ.யிலும், நான்காவதில் 160 செ.மீ.யிலும் இருக்கும். அதாவது 1, 4, 9, 16 மடங்கு. ஒவ்வொரு தட்டுக்கும் இடையே அது கடந்த தூரத்தைக் கழித்துப் பாருங்கள்: 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7 மடங்கு. அழகான ஒற்றைப்படை எண்கள்! தாறுமாறாக ஓடுவது போலத் தெரிந்த கோலி, கணக்குத் தப்பாமல்தான் ஓடுகிறது. நேராக விழும் கல்லும் இதே கணக்கில்தான் விழுகிறது.

புளோரன்ஸ் நகரிலுள்ள கலிலியோ அருங்காட்சியகத்தில் இதற்காகவே ஒரு சாய்தளம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட அதில், இந்தக் கணக்குப்படி சின்னச் சின்ன மணிகளைத் தொங்க விடலாம். குண்டு உருண்டால் மணிகள் ஒரே சீரான இடைவெளியில் ஒலிக்கும்.

நிற்காத குண்டு

ஒரு வாணலியின் விளிம்பிலிருந்து கோலியை உருள விடுங்கள். அடியில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறும். ஏறக்குறைய புறப்பட்ட உயரம் வரை ஏறப் பார்க்கும். எதிர்ப்பக்கச் சரிவு குறைவாக இருந்தால், அதே உயரத்தை எட்ட அதிகத் தூரம் ஓட வேண்டும். எதிர்ப்பக்கத்தைச் சமதளமாகவே ஆக்கி விட்டால்? எட்ட வேண்டிய உயரமே இல்லை. உராய்வும் இல்லாவிட்டால் குண்டு ஓடிக் கொண்டே இருக்க வேண்டியதுதான்!

தள்ளிக் கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்பது பழைய நம்பிக்கை. தடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் நகரும் பொருள் நிற்காது என்றார் கலிலியோ. கேரம் போர்டில் பவுடர் போட்டதும் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் வழுக்கிக் கொண்டு போகிறது, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பவுடர் அதைத் தள்ளவில்லை. தடுக்கும் உராய்வைக் குறைத்தது, அவ்வளவுதான். இந்தக் குணத்தை இன்று நிலைமம் என்கிறோம்.

மண்டியிட்ட முதியவர்

1609-ஆம் ஆண்டு, தொலைநோக்கி பற்றிக் கேள்விப்பட்டதும் கலிலியோ தாமே ஒன்றைச் செய்தார். 1610 ஜனவரியில், வியாழன் கிரகத்தைச் சுற்றும் நிலாக்களைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்நிகஸின் கருத்தைக் கலிலியோ ஆதரித்தார். தேவாலய அதிகாரிகள் 1616-இல் அவரை எச்சரித்தார்கள்.

1632-இல், மூன்று பேர் உரையாடுவது போல ஒரு நூல் எழுதினார். பண்டிதர்களின் லத்தீன் மொழியில் அல்ல. சாதாரண மக்களும் படிக்கும்படி இத்தாலிய மொழியில்! பூமி ஓடினால் நாம் ஏன் உணர்வதில்லை என்று பலர் கேட்டார்கள். அதற்கு அந்த நூலில் ஒரு கப்பல் உதாரணம் வருகிறது. சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள், பாத்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்க்கீழேதான் விழும். பூச்சிகள் எல்லாப் பக்கமும் ஒன்று போலவே பறக்கும். ஓடுகிறதா, நிற்கிறதா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அடுத்த முறை ரயிலில் போகும்போது, உட்கார்ந்தபடியே ஒரு நாணயத்தை மேலே சுண்டிப் பாருங்கள். ரயில் சீராக ஓடினால், நாணயம் உங்கள் கைக்கே திரும்பி வரும்!

இந்த நூலுக்காகக் கலிலியோவை ரோமுக்கு வரவழைத்து விசாரித்தார்கள். 1633-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, 69 வயதில், மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. நூல் தடை செய்யப்பட்டது. சிறைத்தண்டனை பிறகு வீட்டுக்காவலாக மாற்றப்பட்டது. புளோரன்ஸ் அருகே ஆர்ச்சேத்ரி என்ற ஊரில், தம் வீட்டிலேயே அவர் கைதியானார். அடுத்த ஆண்டே, உயிருக்கு உயிரான மூத்த மகள் 33 வயதில் இறந்து போனாள்.

வேறு யாராக இருந்தாலும் இத்தோடு ஓய்ந்திருப்பார்கள். கலிலியோ, பதுவாவில் ஊசலையும் குண்டையும் வைத்துச் செய்த பழைய சோதனைக் குறிப்புகளைக் கையில் எடுத்தார். இயக்கம் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். தடை இருந்ததால் இத்தாலியில் அச்சிட முடியவில்லை. கையெழுத்துப் பிரதி ஹாலந்து நாட்டுக்குப் போய், 1638-ஆம் ஆண்டு லெய்டன் நகரில் புத்தகமானது. தமக்குத் தெரியாமலே அது அச்சேறி விட்டது போல முன்னுரையில் எழுதிக் கொண்டார்! ஆனால் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது, அதைப் பார்க்க அவருக்குக் கண் தெரியவில்லை. பார்வை முழுவதும் போய் விட்டது.

17 வயது மாணவனின் கேள்வி

1639-இல் அந்த வீட்டுக்கு ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். பெயர் வின்சென்சோ விவியானி; வயது 17. பார்வையற்ற ஆசிரியருக்குப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்வதை எழுதுவதும் அவன் வேலை. ஆனால் கேள்வி கேட்காமல் எழுதும் பையன் இல்லை அவன்!

கலிலியோவின் நூலில் ஒரு முக்கியமான கருத்து இருந்தது. உயரம் ஒன்றாக இருந்தால், சரிவு செங்குத்தாக இருந்தாலும் படுத்தவாக்கில் இருந்தாலும், கீழே வந்து சேரும்போது குண்டின் வேகம் ஒன்றுதான் என்பதே அது. இதற்கு ஆதரவாக ஓர் ஊசல் சோதனையை அவர் காட்டியிருந்தார். உங்கள் ஊசலை ஆட விட்டு, நூல் நேராகத் தொங்கும் இடத்தில், பாதி உயரத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே பிடியுங்கள். நூல் பென்சிலில் மடங்கும்; நட்டு வேறு பாதையில் போகும். ஆனாலும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும்.

இதெல்லாம் சரி, கணக்கு முறையில் நிரூபணம் எங்கே என்று விவியானி கேட்டான். 75 வயது மேதையிடம் 17 வயதுப் பையன்! கலிலியோ கோபப்படவில்லை. கேள்வி நியாயமானது என்று யோசித்தார். தாளும் பென்சிலும் பயன்படாத நிலையில், மனத்திலேயே கணக்குப் போட்டு நிரூபணத்தைக் கண்டுபிடித்தார். அவர் காலமான பிறகு வந்த மறுபதிப்பில் அது சேர்க்கப்பட்டது. எந்த வயதிலும், யாருடைய கேள்வியும் கேள்விதான்!

கடைசி நாள்களிலும், ஊசலைக் கொண்டு கடிகாரம் செய்வது எப்படி என்று மகனிடம் விளக்கிக் கொண்டிருந்தார் கலிலியோ. 1642 ஜனவரி 8-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. 1656-இல் ஹாலந்தின் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். இங்கிலாந்தின் நியூட்டன் 1687-இல் இயக்கத்தின் மூன்று விதிகளை வெளியிட்டார். அவற்றில் முதல் இரண்டுக்கும் கலிலியோவுக்கு மரியாதை செலுத்தினார்.

கலிலியோவைப் பெரிய சமாதியில் அடக்கம் செய்யக்கூட அப்போது அனுமதி கிடைக்கவில்லை. விவியானி தன் ஆசிரியரின் வரலாற்றை எழுதினார். அவருக்கு நல்ல நினைவிடம் அமையப் பாடுபட்டார். அது 1737-இல்தான், விவியானி இறந்து பல ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. அப்போது மாணவரின் எலும்புகளையும் ஆசிரியருடன் சேர்த்தே வைத்தார்கள். தடை செய்யப்பட்ட நூல் 1835-இல் தடைப் பட்டியலிலிருந்து நீங்கியது. 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால், அன்று கலிலியோவைத் தண்டித்தவர்கள் தவறு செய்தார்கள் என்று ஒப்புக் கொண்டார்.

இன்னொரு சோதனையையும் சொல்லியே ஆக வேண்டும். 1971-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அப்பல்லோ 15 பயணத்தில் சென்ற விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பறவை இறகும் பிடித்தார். இரண்டையும் ஒன்றாக விட்டார். அங்கே காற்று இல்லையே! சுத்தியலும் இறகும் சரியாக ஒரே நேரத்தில் நிலவின் தரையைத் தொட்டன.

தம்பி, தங்கைகளே! நூல், நட்டு, கோலி, வாணலி எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இதில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பி விடாதீர்கள். செய்து பாருங்கள், அளந்து பாருங்கள். விடை வேறு மாதிரி வந்தால், ஏன் என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். விவியானி அப்படித்தான் கேட்டான்!